பிறர் கொடுத்த தட்டணுக்கள் ஆறாத புண்ணை ஆற்றுமா?

டெங்கு காய்ச்சல் வந்துபோன வீட்டில் தட்டணு எண்ணிக்கையைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் எழுபதாயிரம், மாலையில் ஐம்பதாயிரம் என்று ஆய்வுக்கூடச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து கொடையாளர் தேடியிருப்பார்கள். ரத்தக் கசிவை நிறுத்துவதுதான் தட்டணுக்களின் வேலை என்பது அப்போதே மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆனால் அது பாதி வேலைதான். கசிவை அடைத்த கையோடு, காயம்பட்ட இடத்தைச் செப்பனிட மற்ற செல்களை வரவழைப்பதும் அவைதான். மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் புண்களுக்கு இந்த இரண்டாவது வேலையைத்தான் மருத்துவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிரித்துப் புண்ணில் இடுவது ஓரளவு பழகிப்போன சிகிச்சை. வேறொருவர் தானம் செய்த தட்டணுக்களை இட்டால் என்ன என்பது அதன் அடுத்த படி.

முதலில் புண் ஏன் ஆறாமல் போகிறது என்று பார்த்துவிடலாம்.

காய்கறி நறுக்கும்போது கத்தி பட்ட விரல் ஒரு வாரத்தில் ஆறிவிடுகிறது. முதல் சில நிமிடங்களில் ரத்தம் உறைகிறது. அடுத்த சில நாட்கள் அந்த இடம் சிவந்து வீங்கி, தொட்டால் வலிக்கிறது. வெள்ளையணுக்கள் கிருமிகளையும் செத்த திசுவையும் அகற்றும் அழற்சிக் கட்டம் அது. பிறகு புதிய ரத்தக் குழாய்களும் கொலாஜன் இழைகளும் உருவாகி, பள்ளம் அடியிலிருந்து நிரம்பி, ஓரத்துத் தோல் மெல்ல நகர்ந்து வந்து மூடிக்கொள்கிறது. தழும்பு உறுதிப்படுவது மட்டும் மாதக்கணக்கில் நடக்கும்.

ஆறாப் புண் இரண்டாவது கட்டத்திலேயே மாட்டிக்கொண்ட புண். அங்கே அழற்சி தணிவதே இல்லை. வெள்ளையணுக்கள் சுரக்கும் நொதிகள் செத்த திசுவோடு சேர்த்து, புதிதாக உண்டாகும் கொலாஜனையும், அதை உண்டாக்கத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளையும் அரித்துவிடுகின்றன. பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றிப் பிசுபிசுப்பான படலத்தை அமைத்துக் குடியேறிவிட்டால் மருந்து உள்ளே இறங்குவதும் சிரமம். இப்படிப்பட்ட புண்ணின் கட்டைப் பிரித்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆறும் புண்ணின் அடிப்பரப்பு செக்கச்செவேலென்று, சிறுசிறு மணிகளாக ஈரத்துடன் இருக்கும். ஆறாத புண்ணில் அது வெளிறி, மேலே மஞ்சள் படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓரம் உருண்டு தடித்து, உள்நோக்கி நகராமல் நின்றுவிட்டிருக்கும். சர்க்கரை நோயாளியின் பாதமாக இருந்தால் சுற்றிலும் வெள்ளையாகக் காய்த்துப்போன தோல் வளையம் ஒன்றும் காணப்படும். இவ்வளவுக்கும் அவருக்கு வலி இருக்காது. ஆபத்தே அந்த வலியின்மையில்தான் இருக்கிறது.

நரம்புச் சுருட்டல் என்று நாம் சொல்லும் வெரிகோஸ் நோயில் உள் கணுக்காலுக்கு மேலே வருவது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இடுப்பின் பின்புறத்தில் வருவது, தொழுநோயால் உணர்விழந்த பாதத்தில் வருவது என ஆறாப் புண்களில் வகைகள் உண்டு. காரணங்கள் வேறானாலும் கடைசியில் எல்லாம் இந்த முடிவில்லாத அழற்சியில் வந்து நிற்கின்றன.

தட்டணுக்கள் இங்கே எப்படி உதவும்? இதற்கு விடை தந்த சோதனை 1974இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்தது. ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்ப்பவர்கள் அவற்றுக்கு ஊட்டமாகச் சீரத்தைச் சேர்ப்பார்கள். ரத்தம் உறைந்த பிறகு எஞ்சும் தெளிந்த நீர்தான் சீரம். ரஸ்ஸல் ராஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் ரத்த அணுக்கள் மிதக்கும் திரவமான பிளாஸ்மாவிலிருந்து, தட்டணுக்களை முன்கூட்டியே நீக்கிவிட்டு, சீரம் தயாரித்துப் பார்த்தார்கள். அதில் தமனிச் சுவரின் தசைச் செல்கள் பெருக மறுத்தன. தட்டணுக்களைத் திரும்பச் சேர்த்துத் தயாரித்த சீரத்தில் மறுபடி பெருகத் தொடங்கின. அதுவரை சீரத்தின் பொதுவான சத்து என்று நினைத்திருந்தது, உறையும்போது தட்டணுக்கள் வெளியிடும் பொருள் என்று தெரியவந்தது. பிடிஜிஎஃப் என்று இன்று அழைக்கப்படும் வளர்ச்சிக் காரணி அதுதான்.

தட்டணு 2 முதல் 3 மைக்ரோமீட்டர் அகலமே உள்ள, உட்கருகூட இல்லாத ஒரு துணுக்கு. ரத்தத்தில் அதன் ஆயுள் 7 முதல் 10 நாள். ஆல்ஃபா துகள்கள் எனப்படும் சிறு பைகள் ஒவ்வொரு தட்டணுவுக்குள்ளும் ஐம்பதுக்குக் குறையாமல் இருக்கின்றன. காயத்தைத் தொட்டுத் தட்டணு தூண்டப்பட்டதும் இவை திறந்துகொள்ளும். வெளியே வரும் பிடிஜிஎஃப், இழைநார் உண்டாக்கும் செல்களை அந்த இடத்துக்கு ஈர்த்துப் பெருக்குகிறது. விஇஜிஎஃப் புதிய ரத்தக் குழாய்களை முளைக்கச் செய்கிறது. டிஜிஎஃப்-பீட்டா கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுகிறது. இஜிஎஃப் மேல்தோலை நகரச் செய்கிறது. ஆறாப் புண்ணில் நொதிகள் அரித்துத் தீர்ப்பது இவற்றைத்தான் என்பதால், வெளியிலிருந்து கொண்டுபோய்க் கொட்டினால் என்ன என்று தோன்றியது இயல்பே. மினசோட்டாவில் டேவிட் நைட்டன் குழுவினர் 49 நோயாளிகளின் புண்களில் அவரவர் தட்டணுக்களிலிருந்து பிரித்த சாற்றைத் தடவி, 1986இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சராசரியாக 198 வாரம் வழக்கமான சிகிச்சை பெற்றும் ஆறாத புண்கள் அவை. முழுவதும் ஆறச் சராசரியாக 10.6 வாரம் ஆனது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு சிகிச்சை பெற்ற குழு அந்த ஆய்வில் இல்லை என்பதால் அதையே தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஜெல் தயாராகும் விதம்

இன்று புண்ணில் ஜெல்லாக இடுவது தட்டணுச் செறிவு பிளாஸ்மா, சுருக்கமாக பிஆர்பி. தயாரிப்பு சிக்கலானதன்று. நோயாளியின் கையிலிருந்து 20 முதல் 60 மில்லி வரை ரத்தம் எடுக்கிறார்கள். உறையாமல் இருக்கக் குழாயில் சிட்ரேட் கலந்திருக்கும். அதை மையவிலக்கு இயந்திரத்தில் முதலில் மிதமான வேகத்தில் சுழற்றினால் அடியில் சிவப்பணுக்கள், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெண்ணிறக் கோடு என்று மூன்றாகப் பிரிகிறது. மேலடுக்கை வேறு குழாய்க்கு மாற்றி இன்னும் வேகமாகச் சுழற்றும்போது தட்டணுக்கள் அடியில் படிகின்றன. பிளாஸ்மாவின் பெரும்பகுதியை உறிஞ்சி எடுத்துவிட்டு, எஞ்சிய கொஞ்சத்தில் படிவைக் கலக்கிவிட்டால் பிஆர்பி தயார். சாதாரண ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் தட்டணுக்கள் இருக்கும். பிஆர்பியில் சுமார் 10 லட்சம் இருக்க வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் அளவுகோல்.

இனி அதைத் தூண்டிவிட வேண்டும். சில துளி கால்சியம் குளோரைடு சேர்த்துவிட்டுக் காத்திருந்தால் திரவம் மெல்லக் கெட்டியாகி, மஞ்சள் நிற ஜெல்லாகத் திரள்கிறது. சுத்தம் செய்து, செத்த திசுவை வெட்டி எடுத்த புண்ணின் பள்ளத்தில் அதை நிரப்பி, ஒட்டாத வலைத்துணியை மேலே வைத்துக் கட்டுப் போடுகிறார்கள். வளர்ச்சிக் காரணிகளில் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வெளிவந்துவிடும். அதனால் ஒரு முறை போட்டால் போதாது. வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பல வாரம் தொடர வேண்டியிருக்கும். சீக்கிரம் உறைய வேண்டும் என்பதற்காக மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த த்ராம்பினைச் சேர்க்கும் வழக்கம் முன்பு இருந்தது. அதற்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் நோயாளியின் சொந்த உறைதல் காரணிகளையே தாக்கி ரத்தப்போக்கை உண்டாக்கிய நிகழ்வுகள் தெரியவந்த பின் அந்த வழக்கம் குறைந்துவிட்டது.

சொந்த ரத்தம் போதாதபோது

வாரம் ஒரு முறை 50 மில்லி ரத்தம் என்பது நல்ல உடல்வாகு உள்ளவருக்குப் பொருட்டில்லை. ஆனால் ஆறாப் புண் யாருக்கு வருகிறது என்று பாருங்கள். பல ஆண்டுகள் சர்க்கரை நோயோடு வாழ்ந்து, சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொண்டிருப்பவர். ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டாதவர். நரம்பு கிடைக்காமல் செவிலியர் மூன்று இடத்தில் ஊசி குத்திப் பார்க்கும் எண்பது வயது மூதாட்டி. கிருமி ரத்தத்தில் கலந்து தட்டணு எண்ணிக்கையே சரிந்துவிட்டவர். சிகிச்சை அதிகம் தேவைப்படுபவரிடம்தான் அதற்கான மூலப்பொருள் குறைவாக இருக்கிறது. இருப்பதும் தரமானதாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. சர்க்கரை நோயாளியின் தட்டணுக்கள் எளிதில் தூண்டப்பட்டுவிடும் இயல்புடையவை. ரத்தம் உறைவதைத் தடுக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுபவரின் தட்டணுக்களோ தூண்டினாலும் மந்தமாகவே வேலை செய்யும். ஒரே நோயாளியிடம் இந்த வாரம் எடுத்த பிஆர்பியும் அடுத்த வாரம் எடுத்ததும் ஒரே செறிவில் இருக்காது.

கொடையாளரின் தட்டணு இந்தச் சிக்கலை ஒரேயடியாக ரத்த வங்கிக்கு இடம் மாற்றிவிடுகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டால் அளவு விளங்கும். மைக்ரோலிட்டருக்கு 2.5 லட்சம் தட்டணுக்கள் உள்ள ஒருவரிடம் 30 மில்லி ரத்தம் எடுத்தால், துளியும் வீணாகாமல் பிரித்தாலும் கிடைப்பது 750 கோடி தட்டணுக்கள். தட்டணுக்களை மட்டும் இயந்திரம் மூலம் பிரித்தெடுத்து மீதியைக் கொடையாளருக்கே திருப்பிச் செலுத்தும் அஃபெரிசிஸ் முறையில், ஒரு பையில் குறைந்தது 30,000 கோடி இருக்க வேண்டும் என்பது தர விதி. நாற்பது மடங்கு. அதைச் சிறு பகுதிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்துவிட்டால், ஒரு நோயாளிக்கு மாதக்கணக்கில் ஒரே தரத்தில் போடலாம். உறைந்து உருகும்போது தட்டணுக்கள் வெடித்துவிடும்தான். ரத்தம் ஏற்றுவதற்கு அது உதவாது. புண்ணுக்கு உதவும், ஏனென்றால் நமக்கு வேண்டியது உள்ளே இருக்கும் காரணிகளே.

இந்த இடத்தில் எனக்குச் சரியாகப் படும் ஒரு யோசனை உண்டு. ரத்த வங்கியில் தட்டணுக்களை 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், இடைவிடாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டுகளில் 5 நாள் வைத்திருக்கிறார்கள். அந்த வெப்பநிலையில் பாக்டீரியாவும் வளரும் என்பதால் காலக்கெடு இவ்வளவு குறுகியது. டெங்கு பருவத்தில் பையொன்றுக்கு அடிபிடி. மற்ற மாதங்களில் காலாவதியாகிக் குப்பைக்குப் போகும் பைகளும் உண்டு. கெடு முடிவதற்கு முன்பே அந்த உபரியை உறைய வைத்துப் புண் சிகிச்சைக்கு ஒதுக்கினால் யாருக்கும் நட்டமில்லை. ரத்தப் புற்றுநோயாளிக்கு ஏற்ற வேண்டிய பையைப் புண்ணுக்குத் திருப்புவது என்றால் அதற்கு நான் உடன்படமாட்டேன்.

இத்தாலியில் வேறொரு உபரியைப் பயன்படுத்துகிறார்கள். பிரசவத்தின்போது தானமாகப் பெறும் தொப்புள்கொடி ரத்தத்தில் பாதிக்கு மேல், குருத்தணு மாற்றுச் சிகிச்சைக்குப் போதிய செல்கள் இல்லாமல் ஒதுக்கப்படுகிறது. அதிலுள்ள தட்டணுக்களைப் பிரித்து ஜெல்லாக்கி, சர்க்கரை நோய்ப் பாதப் புண்களுக்கும், தொட்டாலே தோல் உரியும் பிறவி நோய் கொண்ட குழந்தைகளின் புண்களுக்கும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளிடமிருந்து வாராவாரம் ரத்தம் எடுக்க எந்த மருத்துவருக்கு மனம் வரும்?

பிறர் ரத்தம் என்றதும் எழும் முதல் அச்சம் தொற்று. அது நியாயமான அச்சம். இந்தியாவில் தானமாகப் பெறும் ஒவ்வொரு பையும் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கப்பட வேண்டும் என்பது கட்டாயம். எனவே கொடையாளர் பிஆர்பி உரிமம் பெற்ற ரத்த வங்கி வழியாக மட்டுமே வர வேண்டும். தனியார் கிளினிக் ஒன்றின் குளிர்பதனப் பெட்டியிலிருந்து வரக்கூடாது. சொந்த ரத்தமாக இருந்தாலும் கவனக்குறைவு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு சான்று உண்டு. முகப் பொலிவுக்காக பிஆர்பி ஊசி போட்ட, உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் 2018இல் அதிகாரிகள் நுழைந்தபோது, பெயர்ச்சீட்டு இல்லாத ரத்தக் குழாய்கள் சமையலறை மேடையிலும், உணவுப் பொருள்களோடு குளிர்பதனப் பெட்டியிலும் இருந்தன. அங்கே சென்றுவந்த பெண்களுக்கு எச்ஐவி தொற்றியதை விவரிக்கும் அறிக்கை 2024இல் வெளியானது.

இரண்டாவது அச்சம் ஒவ்வாமை. தட்டணுவின் மேற்பரப்பில் ஏ, பி ரத்தப் பிரிவு அடையாளங்கள் உண்டு. ஆர்எச் அடையாளம் கிடையாது, ஆனால் தப்பித்தவறிக் கலந்துவரும் சிவப்பணுக்களில் அது இருக்கும். ஆகவே ரத்தப் பிரிவைப் பொருத்தியே கொடுப்பதும், வெள்ளையணுக்களை வடிகட்டிவிடுவதும், சில இடங்களில் கதிர்வீச்சு செலுத்துவதும் வழக்கம். நரம்பில் ஏற்றாமல் புண்ணின் மேல் மட்டும் இடுவதால் உடலுக்குள் போகும் அளவு குறைவு. இருந்தும் ஒரு நோயாளியை மட்டும் தனியாக நிறுத்தி யோசிக்க வேண்டும். நாளை சிறுநீரக மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர் அவர். தட்டணுக்கள் எச்எல்ஏ எனப்படும் திசு அடையாளங்களைச் சுமப்பவை. அவற்றுக்கு எதிராக இப்போதே எதிர்ப்பொருள் உருவாகிவிட்டால், பிற்பாடு பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பது கடினமாகலாம். டயாலிசிஸ் நோயாளிக்குத்தான் கொடையாளர் பிஆர்பி அதிகம் தேவைப்படும் என்றேன். இதில் அதிகம் தயங்க வேண்டியவரும் அவரே.

பலன் எவ்வளவு என்றால், நிதானமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். சொந்த ரத்த பிஆர்பி குறித்து மருத்துவச் சான்றுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 442 பேர் பங்கேற்ற 10 சோதனைகளை ஆராய்ந்தது. சர்க்கரை நோய்ப் பாதப் புண்ணில் பலன் இருக்கலாம், சான்றின் தரம் குறைவு, மற்ற வகைப் புண்களில் தெளிவில்லை என்றது அதன் முடிவு. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2021இல் சர்க்கரை நோயாளிகளின் ஆறாப் புண்ணுக்கு 20 வாரம் வரை பிஆர்பி செலவை ஏற்க ஒப்புக்கொண்டது. அதுவும் சொந்த ரத்தத்துக்கு மட்டும். கொடையாளர் பிஆர்பிக்குச் சீனா, இத்தாலி, ஈரான் முதலிய நாடுகளிலிருந்து நம்பிக்கையூட்டும் முடிவுகள் வந்திருக்கின்றன, பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். சொந்தத் தட்டணுவைவிடக் கொடையாளருடையது மேல் என்று இப்போது யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். சொந்த ரத்தம் எடுக்க முடியாத இடத்தில் மாற்று வழி என்பதே அதற்கு இன்றுள்ள நியாயம்.

ஜெல்லுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

வளர்ச்சிக் காரணிகளை மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் குரல் கொடுத்தால் ஆட்கள் வருவார்கள். செங்கல்லும் மணலும் தண்ணீரும் வந்து சேராத மனையில் அவர் தொண்டை கிழியக் கத்தி என்ன பயன்? காலுக்குப் போகும் தமனி அடைத்திருந்தால் பிராணவாயுவும் சத்தும் வராது. அந்த அடைப்பை பலூன் மூலமோ மாற்றுப்பாதை அறுவை மூலமோ சரிசெய்யாமல் ஜெல் போடுவது காசைக் கரைக்கும் வேலை. எலும்பு வரை சீழ் இறங்கியிருந்தால் அதற்குத் தனிச் சிகிச்சை. சர்க்கரை அளவு, உணவில் புரதம் ஆகியவற்றைச் சொல்லவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் தவறவிடப்படுவது பாதத்தின் மேல் விழும் அழுத்தம். இதை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததில் வேலூருக்குப் பங்குண்டு. 1946இல் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளைக் கவனித்தார். நோய் சதையைத் தின்பதால் விரல்கள் அழிகின்றன என்று பலரும் நம்பிய காலம். வலி தெரியாததால் நோயாளி காயத்தின் மேலேயே நடந்து நடந்து அதைப் பெரிதாக்குகிறார் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்கு அவர் சென்ற பிறகு, சர்க்கரை நோயாளிகளின் உணர்விழந்த பாதத்துக்கும் அதே பாடம் பொருந்தும் என்பது பரவலாக உணரப்பட்டது. பாதத்தின் வடிவத்துக்கு ஒட்டி வார்த்த மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பகிர்ந்துவிட்டால், எந்த ஜெல்லும் இல்லாமலே ஆறிவிடும் பாதப் புண்கள் ஏராளம். பிஆர்பி போட்டுக்கொண்டு அதே காலில் பஸ் நிறுத்தம் வரை நடந்துபோகிறவருக்கு ஜெல்லால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

செல்களைப் பெருக்கும் பொருள் புற்றுநோயையும் பெருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. பிடிஜிஎஃபை மட்டும் செயற்கையாகத் தயாரித்த பெகாப்லெர்மின் என்ற களிம்புக்கு அமெரிக்காவில் 1997இல் அனுமதி கிடைத்தது. புற்றுநோய் மரணம் குறித்த எச்சரிக்கைக் கட்டம் 2008இல் அதன் உறையில் ஏறியது. தொடர்ந்து வந்த தரவுகளைப் பார்த்தபின் 2018இல் நீக்கப்பட்டது. ஆனாலும் புற்று இருக்கும் இடத்தில் வளர்ச்சிக் காரணியை இடக்கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணின் ஓரத்தில் தோல் புற்று உருவாவதும், முதலிலிருந்தே புற்றாக இருந்ததைப் புண் என்று நினைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பதும் நடக்கக்கூடியவை. அதனால் மருத்துவர் ஒவ்வொரு முறையும் புண்ணின் நீள அகலத்தை அளந்து எழுதுகிறாரா என்று கவனியுங்கள். சர்க்கரை நோய்ப் பாதப் புண் நான்கு வாரத்தில் பரப்பளவில் பாதியாகச் சுருங்கவில்லையென்றால், ஜெல்லைத் தொடர்வதற்கு முன் தமனி, எலும்பு, காலணி எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். ஓரம் மேடிட்டு வளர்ந்தாலோ, தொட்டதும் ரத்தம் கசிந்தாலோ அங்கிருந்து சிறு துண்டு எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.